'அந்த அங்கிளும் ஆண்ட்டியும் பாவம் இல்லையா?'

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். வருடா வருடம் டிசம்பரில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஹோம் அலோன் பார்க்கிற வீடு உங்களுடையது, குடும்பம் தவறுதலாக வீட்டில் விட்டுவிட்டுப் போன கெவின் என்ற பையன் பொறி வைத்துத் திருடர்களை விரட்டுகிற படம். இந்த முறை புதுசாக ஏதாவது போடலாம் என்று 2021இல் வந்த ஹோம் ஸ்வீட் ஹோம் அலோனைப் போட்டிருக்கிறீர்கள். யாரும் சிரிக்கவில்லை. நடுவில் எட்டு வயது மகள் "அம்மா, அந்த அங்கிளும் ஆண்ட்டியும் பாவம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள். படம் முடிந்ததும் கணவர், "நமக்கு வயசாயிடுச்சு, அதான் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படம்தான் சரியில்லையா, இல்லை பழைய படத்தின் மேல் நமக்கு இருக்கும் பாசம் கண்ணை மறைக்கிறதா என்பது உங்கள் கேள்வி. இவ்வளவு வருடம் கழித்து இதை ஏன் எடுத்தார்கள் என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருபது வருடமாக எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருப்பவன், அதில் பாதிக்கு மேல் காமெடி. அதனால் ஒரு இடத்தில் சிரிப்பு ஏன் வருகிறது, ஏன் வரவில்லை என்பதைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். ஸ்டுடியோ உள்ளே என்ன பேசி முடிவெடுத்தார்கள் என்பது என் வேலைக்கு வெளியே உள்ள விஷயம், அங்கே என் அனுமானத்தை அனுமானம் என்றே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள் கேட்டாளே, அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அடிதடிக் காமெடிக்கு ஒரு அனுமதி வேண்டும். ஒருத்தன் தலையில் இஸ்திரிப் பெட்டி விழும்போது நாம் சிரிக்க வேண்டுமென்றால், அவன் அதற்குத் தகுதியான ஆள்தான் என்று நம் மனசு முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். 1990 படத்தில் இந்த அனுமதியை எவ்வளவு பொறுமையாக வாங்குகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு திருடர்களில் ஒருவனான ஹேரி முதல் காட்சியிலேயே போலீஸ் உடையில் வீட்டுக்குள் வந்து நிற்கிறான், விடுமுறைக்கு வெளியூர் போகிறவர்களின் பாதுகாப்பை விசாரிக்க வந்த மாதிரி நடித்து வீட்டை நோட்டம் விடுகிறான். நம்பிக்கைத் துரோகத்தோடுதான் ஆள் அறிமுகமே. அவன் கூட்டாளி மார்வ் அதற்கும் ஒரு படி மேலே: திருடின வீட்டில் தொட்டியை அடைத்துக் குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகிறான், வீடே தண்ணீரில் மிதக்கட்டும் என்று. அதில் அவனுக்குக் காலணா லாபம் கிடையாது, வெறும் கெட்ட புத்தி. அப்புறம் வீட்டுக்குள் இருப்பது ஒரு சின்னப் பையன், தனியாக இருக்கிறான் என்று நன்றாகத் தெரிந்த பிறகும் அதே வீட்டுக்கு வருகிறார்கள். இத்தனையும் பார்த்த பிறகு பெயின்ட் டப்பா பறந்து வந்து முகத்தில் அடித்தால், எட்டு வயசுக் குழந்தையும் சிரிக்கும், எண்பது வயசுத் தாத்தாவும் சிரிப்பார்.

என் மேசையிலேயே நடந்த ஒன்று சொல்கிறேன். சின்ன பட்ஜெட் படம், பெயர் வேண்டாம். வீட்டு புரோக்கர் ஒருத்தர் சோப்புத் தண்ணீரில் வழுக்கி மூன்று படி உருண்டு சாணிக் குழிக்குள் விழுகிற காட்சி. நடித்தவர் அருமையாக விழுந்திருந்தார். பிரிவியூவில் போட்டோம், ஒரு சத்தம் இல்லை, பின்வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள். திரும்ப வந்து தேடினால் காரணம் நாங்கள்தான். நீளம் கூடுகிறது என்று முதல் பாதியில் ஒரு துண்டை வெட்டியிருந்தோம். அந்த ஆள் ஒரு பாட்டியிடம் அட்வான்ஸ் பணத்தை வாங்கி எண்ணி, சட்டைப் பைக்குள் வைத்து, பையை ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார், அவ்வளவுதான், பன்னிரண்டு விநாடி. அதைத் திரும்பச் சேர்த்தோம். விழுகிற காட்சியில் ஒரு ஃபிரேம் கூட மாற்றவில்லை. அடுத்த பிரிவியூவில் கைதட்டல். அன்றிலிருந்து ஒரு காமெடி வேலை செய்யவில்லை என்றால் அந்தக் காட்சிக்குள் நான் முதலில் தேடுவதில்லை, அதற்கு அரை மணி முன்னால் போய்த் தேடுகிறேன்.

இப்போது 2021 படத்துக்கு வாருங்கள். பாம், ஜெஃப் என்று ஒரு கணவன் மனைவி. ஜெஃப்புக்கு வேலை போய்விட்டது, பாமின் சம்பளத்தில் வீட்டைக் காப்பாற்ற முடியவில்லை, அதனால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் வீட்டை விற்கப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் இருக்கும் ஒரு பழைய பொம்மைக்கு 2 லட்சம் டாலர் பெறுமானம் என்று தெரிகிறது, வீடு தப்பிக்கும். பொம்மையைக் காணோம். வீடு பார்க்க வந்த கூட்டத்தில் அம்மாவோடு வந்துபோன மேக்ஸ் என்ற பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்து, அதை மீட்கத்தான் அவன் வீட்டுக்குள் நுழைகிறார்கள். அவனோ அவர்கள் பொம்மையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு, தன்னைத்தான் கடத்தி விற்கப் போகிறார்கள் என்று பயந்து பொறி வைக்கிறான். கடைசியில் பையன் பொம்மையை எடுக்கவே இல்லை என்பதும் தெரிகிறது. அதாவது இரண்டு பக்கமும் நல்லவர்கள், நடுவில் ஒரு தப்பெண்ணம்.

இது சோம்பேறித்தனமான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். திருடன் பக்கத்திலிருந்து கதை சொன்னால் என்ன என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கடனில் இருக்கும் கணவன் மனைவி, திருடத் தெரியாதவர்கள், பண்டிகை நாளில் அடுத்தவன் வீட்டுச் சுவரைத் தாண்டுகிறார்கள் என்பது தனிப்படமாக வந்திருந்தால் நானே டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்பேன். ஆனால் ஹோம் அலோன் என்ற பெயர் வைத்துவிட்டால் கடைசிப் பகுதியில் பொறிகள் வந்தே ஆக வேண்டும், வந்தால் யாராவது அடி வாங்க வேண்டும், அந்த யாராவது இங்கே வேலை போன அப்பாவும் கவலையில் இருக்கும் அம்மாவும். பில்லியர்ட்ஸ் பந்து பறந்து வந்து ஜெஃப்பின் நெற்றியில் அடிக்கிறதே, அந்த இடத்தில் நமக்கு அவர் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். படமே ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்தக் குடும்பத்தின் மேல் இரக்கத்தை வளர்த்துவிட்டு, அப்புறம் அவர்களை அடித்துக் காட்டிச் சிரிக்கச் சொல்கிறது. உங்கள் மகளுக்கு அது பாவமாகத் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை. அவள் படத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். இது ரசனை சார்ந்த விஷயம் என்று நான் நினைக்கவில்லை, கதையின் அஸ்திவாரத்தில் உள்ள கோளாறு. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

இரண்டாவது குறை பையன் பக்கம். கெவின் கதையில் பொறிகளை விட முக்கியமானது ஒன்று உண்டு, அதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்: அவன் தன் குடும்பமே காணாமல் போய்விட வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவன். காலையில் எழுந்தால் உண்மையிலேயே யாரும் இல்லை. தான் நினைத்ததால்தான் இப்படி ஆனது என்று நம்புகிறான். முதலில் சந்தோஷம், கட்டிலில் குதிக்கிறான், ஐஸ்கிரீமைக் குவித்து வைத்துக்கொண்டு பெரியவர்கள் பார்க்கும் துப்பாக்கிப் படம் பார்க்கிறான். அப்புறம் மெதுவாகப் பயம், பிறகு ஏக்கம், பிறகு குற்ற உணர்ச்சி. பல் துலக்குகிற பிரஷ்ஷை வாங்கப் போகிறான், துணி துவைக்கிறான், நிலவறையில் இருக்கும் அடுப்பைப் பார்த்துப் பயந்தவன் அதை அதட்டிவிட்டு வேலையைப் பார்க்கிற அளவுக்கு வளர்கிறான். தேவாலயத்தில் பக்கத்து வீட்டு மார்லித் தாத்தாவோடு உட்கார்ந்து பேசும் காட்சி இருக்கிறதே, கொலைகாரர் என்று பிள்ளைகள் கதைகட்டிவிட்ட மனிதர், மகனோடு பேச்சுவார்த்தை இல்லாததால் பேத்தி பாடுவதைத் தூரத்தில் உட்கார்ந்து கேட்க வந்திருக்கிறார், அவருக்கு ஒரு எட்டு வயதுப் பையன் யோசனை சொல்கிறான். அந்தக் காட்சி முடிந்து அவன் வீட்டுக்கு ஓடிய பிறகுதான் பொறிகளே ஆரம்பிக்கின்றன. 103 நிமிடப் படத்தில் நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்தக் கலாட்டா கடைசி அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. மீதி நேரம் முழுக்க ஒரு குழந்தையின் தனிமை. இன்னொரு பக்கம் பாரிஸிலிருந்து திரும்பிவரத் துடிக்கிற அம்மா, விமான டிக்கெட்டுக்காகக் காதில் போட்டிருப்பதைக் கூடக் கழற்றிக் கொடுக்கத் தயாராக நிற்கிறாள்.

மேக்ஸ் நடிப்பில் குறையே கிடையாது, ஆர்ச்சி யேட்ஸ் நல்ல நடிகன், ஜோஜோ ராபிட் படத்தில் அவன் வருகிற ஒவ்வொரு இடமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் எழுத்தில் பாதிப் படத்தை அந்தக் கணவன் மனைவிக்குக் கொடுத்துவிட்டதால் பையனுக்கு மனசு மாற நேரமே இல்லை. அவன் தனியாக இருக்கிறான் என்று நமக்குத் தெரிகிறது, தனிமையை உணர்கிற அளவுக்கு நாம் அவனோடு உட்காரவில்லை.

எப்படி விட்டுவிட்டுப் போனார்கள் என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் இரவுச் சாப்பாட்டில் பால் கொட்டுகிறது, துடைக்கிற அவசரத்தில் கெவினின் டிக்கெட்டும் குப்பையோடு போகிறது. காற்றில் மின்கம்பி அறுந்து கடிகாரம் நின்று எல்லோரும் தாமதமாக எழுகிறார்கள். வாசலில் வேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்துத் தலையை எண்ணிவிடுகிறார்கள், கணக்குச் சரியாக வந்துவிடுகிறது. மூன்றும் நம் கண்ணெதிரே நடக்கிறது, அதனால் அந்த அம்மாவை நாம் திட்டுவதில்லை. புதிய படத்தில் குடும்பம் இரண்டு விமானத்தில் பிரிந்து டோக்கியோ போகிறது, அவன் அந்த விமானத்தில் இருப்பான் என்று இவர்களும் இதில் இருப்பான் என்று அவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். காரணம் என்ற அளவில் சரிதான், ஆனால் சொல்லிக் கடந்துவிடுகிற காரணம்.

அடுத்தது என் தொழில் சார்ந்த விஷயம், கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழைய படத்தில் கெவின் ஒரு பெரிய தாளை விரித்து கலர் பென்சிலில் வீட்டின் வரைபடம் போடுவான், எங்கே எந்தப் பொறி என்று. பார்ப்பதற்குக் குழந்தைத்தனமான அழகான காட்சி. ஆனால் அந்தச் சில விநாடியில் நமக்கு முன் கதவு, பின் கதவு, மாடிப்படி, நிலவறை எல்லாம் மனசில் பதிந்துவிடுகிறது. அப்புறம் மார்வ் நிலவறைக்குப் போகிறான் என்றதுமே நமக்கு முன்கூட்டியே குறுகுறுப்பு வந்துவிடும். சிரிப்பில் பாதி இந்த எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது. அதே மாதிரி, கெவினின் அண்ணன் பஸ் வளர்க்கும் அந்தச் சிலந்தி. அண்ணன் பஸ்ஸின் அறையில் அலமாரி சரிந்து விழும்போது அது தப்பித்துப் போகிறது, நாம் மறந்தே போகிறோம், கடைசியில் மார்வ் காலைப் பிடித்துக்கொண்டதில் மாட்டிய கெவினின் கையில் கிடைக்கிறது, நேராக மார்வின் முகத்தில் வைக்கிறான். மார்வாக நடித்த டேனியல் ஸ்டெர்ன் முகத்தில் நிஜச் சிலந்தியையே விட்டார்கள். அந்தத் துப்பாக்கிப் படமும் அப்படித்தான், முதலில் பையனைப் பயமுறுத்த, பிறகு பீட்சா கொண்டுவந்தவனைத் துரத்த, பிறகு மார்வை ஓட வைக்க. ஒன்றைப் போட்டால் அதைத் திரும்ப எடுக்காமல் விடமாட்டார்கள்.

விழுகிற காட்சிகளும் உண்மையில் மனிதர்கள் விழுந்தவை. ஹேரியாக நடித்த ஜோ பெஸ்கிக்கும் டேனியல் ஸ்டெர்னுக்கும் பதிலாக ஸ்டன்ட் ஆட்கள் நிஜமாக விழுந்தார்கள், கம்ப்யூட்டர் வேலை இல்லாத காலம். இல்லினாயில் வினெட்கா என்ற ஊரில் உள்ள வீடுதான் வெளியே தெரிவது, உள்ளே பெரும்பாலும் மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தின் ஜிம்முக்குள் போட்ட செட். தண்ணீர் நிறைந்த நிலவறைக் காட்சியைக் கூட அந்தப் பள்ளியின் நீச்சல் குளத்தில் எடுத்தார்கள். படிக்கட்டில் வழுக்கும்போது கேமரா தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டுகிறது, கால் வானத்துக்குப் போய் முதுகு தரையில் இடிக்கிற வரை வெட்டுவதில்லை. உடம்பு கனம் தெரிந்தால்தான் விழுவது விழுவதாக இருக்கும். புதிய படத்தின் அடிகளில் எனக்கு அந்தக் கனம் கிடைக்கவில்லை. இது என் கண்ணுக்குப் பட்டது, இன்னொரு எடிட்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

சரி, உங்கள் கணவர் சொன்ன வயசு விஷயம். அதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஜான் வில்லியம்ஸின் அந்தப் பாட்டு ஒலித்ததும் நமக்குத் தொண்டை அடைக்கிறதே, அதில் நம் சின்ன வயசுக்கும் பங்கு உண்டு. புதிய படத்திலும் இசையமைப்பாளர் ஜான் டெப்னி அதே மெட்டை அங்கங்கே எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் நமக்கு முதல் படம்தான் நினைவுக்கு வருகிறது, இந்தப் படத்துக்கு அது உதவவில்லை. வளர்ந்து போலீஸ்காரனாகிவிட்ட அண்ணன் பஸ் வந்துபோவதும் அப்படித்தான், அந்த நிமிடம் சந்தோஷமாக இருக்கிறது, கதைக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பாசம் மட்டும் காரணம் என்றால் பழைய படம் எதுவும் தெரியாத குழந்தை புதியதைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டிலேயே அதற்குச் சோதனை நடந்துவிட்டது. 1990 படம் வந்தபோது உங்கள் மகள் பிறக்கவே இல்லை, அதற்குச் சிரிக்கிறாள், இதற்குப் பாவம் என்கிறாள்.

இன்னொரு விதத்திலும் சோதிக்கலாம், அதே தொடரின் மற்ற படங்களை வைத்து. 1992இல் வந்த இரண்டாம் பாகம் முதல் படத்தையே நியூயார்க்கில் வைத்துத் திரும்ப எடுத்த மாதிரிதான் இருக்கும், மார்லித் தாத்தாவுக்குப் பதில் புறாக்களோடு வாழும் பெண்மணி. புதுசு என்று பெரிதாக எதுவும் இல்லை, ஆனாலும் நிற்கிறது, ஏனென்றால் அடி வாங்குவது அதே ஹேரியும் மார்வும். 1997இல் மூன்றாம் பாகம், முதல் இரண்டையும் எடிட் செய்த ராஜா கோஸ்னெல்தான் இயக்குநர், அம்மை போட்டு வீட்டில் படுத்திருக்கும் வேறொரு பையன், ஏவுகணைச் சில்லு தேடி வரும் உளவாளிகள். ரோஜர் ஈபர்ட் மாதிரி ஒரு விமர்சகர் முதல் இரண்டை விட இது தனக்குப் பிடித்தது என்று எழுதினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனாலும் அதில் அடி வாங்குபவர்கள் அடிக்குத் தகுதியானவர்கள், குழந்தைகள் சிரிப்பார்கள். 2002லும் 2012லும் தொலைக்காட்சிக்காக எடுத்த இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2002 படத்தில் கெவினே வருகிறான், பெற்றோர் பிரிந்துவிட்டார்கள், அவனாகவே அப்பா இருக்கும் வீட்டுக்குப் போகிறான். விட்டுவிட்டுப் போன குழந்தை என்ற அடிப்படையே அதில் இல்லை.

ஏன் எடுத்தார்கள் என்பதற்கு, தெரிந்தது இவ்வளவு. 2019 மார்ச்சில் டிஸ்னி நிறுவனம் ஃபாக்ஸை வாங்கியது, அதோடு ஹோம் அலோன் உரிமையும் கைமாறியது. அதே வருடம் ஆகஸ்டில், தொடங்கவிருந்த தங்கள் ஓடிடிக்காக ஃபாக்ஸின் பழைய குடும்பப் படங்கள் சிலவற்றைப் புதுசாக எடுக்கப்போவதாக அறிவித்தார்கள், இதுவும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2021 நவம்பரில் தியேட்டருக்குப் போகாமல் நேராக அங்கே வெளியானது. இனி வருவது என் அனுமானம்: பட்டியலில் பெயர் முதலில் வந்திருக்கிறது, கதையை அப்புறம் தேடியிருக்கிறார்கள். முதல் படம் வந்த வழி நேர்மாறு. ஜான் ஹியூஸ் எழுதிய கதையைப் பட்ஜெட் தகராறில் ஒரு ஸ்டுடியோ கைவிட்டது, ஃபாக்ஸ் எடுத்துக்கொண்டது, கிறிஸ் கொலம்பஸ் இயக்கினார். சுமார் 1.8 கோடி டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 47 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்தக் கதை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் எடுத்த படம் அது. ஹியூஸ் 2009இல் இறந்துவிட்டார், மூன்றாம் பாகம் வரை எழுதியது அவர்தான். அதற்குப் பிறகு வந்த எதிலும் அந்தக் கை இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரிகிறது.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். எல்லி கெம்பரும் ராப் டிலேனியும் அந்தக் கணவன் மனைவியாக நன்றாகவே செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு வீட்டை விற்பதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதை நான் நம்பினேன். அவர்கள் அவ்வளவு நன்றாக நடித்ததால்தான் பின்னால் விழும் அடி நமக்கு இன்னும் வலிக்கிறது.

மகளிடம் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். "ஆமாம்மா, பாவம்தான்" என்று சொல்லுங்கள், அவள் சொன்னது சரி. அடுத்த டிசம்பருக்கு மூன்றாம் பாகத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். முதல் படத்தைத் திரும்பப் போடும்போது கெவின் தாளை விரித்து வரைபடம் போடும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, எந்தக் கதவில் என்ன இருக்கிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அப்புறம் ஓடவிடுங்கள். என் அண்ணன் மகன் போன வருடம் அப்படித்தான் பார்த்தான். மார்வ் நிலவறைப் பக்கம் திரும்பியதுமே சோபாவில் எழுந்து நின்றுகொண்டான்.